மற்றவை

குஷிரோவில் ஜூன் என்றால் மூடுபனி.
துறைமுகத்துச் சங்கு ஊதும்போது
சிகுசா வருவாள்,
வகுப்புக்கு மாடிப்படி ஏறாமல்
நேரே என் மருத்துவ அறைக்கு.
"தெர்மாமீட்டர்" என்பாள். வணக்கம் அப்புறம்தான்.

முப்பத்தாறு புள்ளி நாலு.
நேற்றும் அதுவே. முந்தாநாளும்.
எண்ணைப் பார்த்ததும் அவள் முகம் விழும்.
முகம் என்றால் கண்கள்,
மிச்சத்தை நான் பார்த்ததில்லை.

மூன்று வருடம் இந்த எண்தான் நுழைவுச்சீட்டு.
முப்பத்தேழரை தாண்டினால் வீடு,
தாண்டாவிட்டால் நலம்.
நலம், நலம் என்று
எத்தனை ஆயிரம் அட்டைகளில் குத்தியிருப்பேன்,
கட்டைவிரல் சிவக்கச் சிவக்க.

பதிவேட்டில் நான்கு கட்டங்கள்:
தலைவலி, வயிற்றுவலி, காயம், மற்றவை.
முன்பெல்லாம் மற்றவையில்
குளவி கொட்டியிருக்கும், பித்தான் அறுந்திருக்கும்.
ஒருமுறை, ஒருவன் சட்டைக்குள்
ஒளித்துக் கொண்டுவந்த பூனைக்குட்டி.
இந்த மாதம் மற்றவை அறுபத்தொன்று.

துணைத் தலைமையாசிரியர் ஹொன்மா
அந்த எண்ணை விரலால் தட்டினார்.
"இதைக் கொஞ்சம் பிரித்துக் கொடுங்களேன்,
மேலே அனுப்ப வேண்டும்."
எப்படிப் பிரிப்பது?
சிக்கல் விழுந்த நூலுக்காவது நுனி உண்டு.

சாப்பிடும்போது இனிப் பேசலாம்
என்று ஏப்ரலில் அறிவித்தார்கள்.
கரும்பலகையைப் பார்த்தபடியே
மூன்று வருடம் மென்ற பிள்ளைகள்.
மேசைகளை எதிரெதிராகத் திருப்பிப் போட்டதும்
வகுப்பே கிண்ணத்துக்குள் குனிந்துகொண்டதாம்.
முப்பத்திரண்டு ஜோடிக் குச்சிகள்,
ஒரு சொல் இல்லை.
அன்றுதான் சிகுசா தட்டோடு இங்கே வந்தாள்.
ஒரு வாய்க்கு ஒருமுறை முகக்கவசத்தை இறக்குவாள்,
மென்று முடிக்குமுன் ஏற்றிவிடுவாள்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.
பனியில் பார்க்க ஒன்றுமில்லை, அது ஒரு வசதி.

திரைக்கு அந்தப் பக்கக் கட்டிலில் தொமோனாரி.
பள்ளி நிறுத்தத்தில் இறங்கமாட்டான்.
சதுப்புநிலம் வரை ரயிலில் போய்
பதினொரு மணிக்குத் திரும்பி வருவான்.
ஏன் என்று கேட்டால்
"அங்கே கொக்கு இருக்கிறது" என்பான்.
ஐந்து வாரம்
அவன் மெல்வதை அவள் கேட்டாள்,
அவள் மெல்வதை அவன்.

பிரிக்கத் தெரியாமல்
பதிவேட்டை அவர்களிடமே நீட்டினேன்.
காரணத்தை நீங்களே எழுதுங்கள்.
வருகிறவர்கள் எல்லாம் பென்சிலில் எழுதினார்கள்:

எனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன்
சிரித்தால் எப்படி இருப்பான் என்று தெரியாது.
இப்போது பார்க்கப் பயமாக இருக்கிறது.

அப்பாவின் நூடுல்ஸ் கடையை மூடிவிட்டோம்.
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தூக்கம். ஆனால் களைப்பு இல்லை.

சிகுசாவின் கட்டத்தில்: ஒன்றுமில்லை.
அழித்து அழித்து எழுதியதில்
அந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

ஹொன்மாவிடம் அறுபத்தொன்று என்றே கொடுத்தேன்.
பிரியவில்லை என்றேன்.
ஒரு மேசை வேண்டும் என்றேன்.
பணம் ஒதுக்கவில்லை என்றார்.
மறுவாரம் உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து
மடக்கு மேசை ஒன்றைத் தானே தூக்கிவந்தார்,
மூச்சு வாங்க.
ஒரு கால் குட்டை.

பால் தளும்பிச் சூப்பில் கொட்டியது.
சிகுசா எழுந்தாள்.
அலமாரியிலிருந்த பழைய வெப்பநிலை அட்டைகளில்
நாலைந்தை மடித்து
காலுக்கு முட்டுக்கொடுத்தாள்.
என் முத்திரைகள்தான். நான் தடுக்கவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்,
உடைந்து பாதி வளர்ந்த குரல்:
"இன்னும் ஆடுது. இடது பக்கம்."
"நீ எப்படிப் பார்த்தே?"
"சத்தம் கேக்குது."

அவன் வெளியே வந்தான் என்று எழுத ஆசைதான்.
அன்று வரவில்லை.
திரைக்கு அடியில் ஒரு கை மட்டும் நீண்டது,
இன்னும் இரண்டு மடிப்பு அட்டை என்றது.

இன்று காலை சங்கு ஊதியது.
தெர்மாமீட்டர் என்றாள்.
முப்பத்தாறு புள்ளி நாலு.
துடைத்தாள்,
திரையின் இடுக்கில் நீட்டினாள்.
"நீயும் பாரேன்."
கொஞ்ச நேரம் கழித்து, உள்ளிருந்து:
"முப்பத்தாறு புள்ளி ஒன்பது."

"அடேயப்பா" என்றாள் சிகுசா.